கீட்டோ உணவு முறையில் இருக்கும் சர்க்கரை நோயாளி தாழ்சர்க்கரையைக் கையாள்வது எப்படி?

சோற்றையும் இட்லி தோசையையும் நிறுத்திவிட்டு முட்டை, இறைச்சி, பனீர், கீரை, நெய், பாதாம் என்று உணவை மாற்றிக்கொள்ளும் சர்க்கரை நோயாளிக்கு, பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே குளுக்கோமீட்டரில் எண்கள் இறங்கத் தொடங்கிவிடும். நாளொன்றுக்கு மாவுச்சத்தை ஏறத்தாழ 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்தும் கீட்டோ முறைக்கும், தமிழ்நாட்டில் பலர் பேலியோ என்ற பெயரில் கடைப்பிடிக்கும் குறைமாவு உணவுக்கும் இது பொருந்தும். எண்கள் இறங்குவது நல்லதுதான். ஆனால் மூன்று வேளையும் சோறும் பலகாரமும் உண்ட காலத்தில், அந்த உணவைக் கணக்கில் கொண்டு எழுதிக் கொடுத்த மாத்திரையும் ஊசியும் அதே அளவில் தொடர்ந்தால், சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போய்விடக்கூடும். 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் அது கடுமையான நிலை. கீட்டோவில் இந்த நிலை வருவதற்கு, உணவோடு சேர்த்துக் குறைக்கப்படாத மருந்தே பெரும்பாலும் காரணமாகிறது.

ஆகவே முதல் வேலை சமையலறையில் இல்லை, மருந்துப் பெட்டியில் இருக்கிறது. உங்கள் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். கிளிமெப்பிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சோறு உண்டீர்களா, ஆம்லெட் உண்டீர்களா என்பது அவற்றுக்குத் தெரியாது. இன்சுலின் ஊசியும் அப்படியே. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை வருவது அரிது. ஆனால் நம் நாட்டில் மெட்ஃபார்மினும் கிளிமெப்பிரைடும் ஒரே மாத்திரையில் கலந்து வருவது மிகவும் சாதாரணம் என்பதால், ‘நான் மெட்ஃபார்மின்தான் எடுக்கிறேன்’ என்று நம்பிக்கொண்டிருப்பவர் உள்ளே இரண்டாவது மருந்து இருப்பதை அறியாமலே இருக்கக்கூடும். காலையில் சாப்பாட்டுக்கு முன் அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு, சிற்றுண்டிக்குப் பதிலாக ஒரு கோப்பை பட்டர் டீயோ ஒரு கிண்ணம் பாதாமோ எடுத்துக்கொள்பவருக்குப் பதினொரு மணி வாக்கில் கை நடுங்கினால் அதில் வியப்பில்லை.

உணவை மாற்றும் நாளுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, மாவுச்சத்தை எவ்வளவு குறைக்கப் போகிறீர்கள் என்பதை எண்ணிக்கையோடு சொல்லுங்கள். ‘கொஞ்சம் டயட்டில் இருக்கப் போகிறேன்’ என்று பொதுப்படச் சொன்னால் அவரால் மருந்தளவைக் கணக்கிட முடியாது. கிளிமெப்பிரைடு போன்றவற்றைப் பாதியாகக் குறைப்பதும் அடியோடு நிறுத்துவதும், இன்சுலினை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைத்துத் தொடங்குவதும் குறைமாவு உணவில் பழகிய மருத்துவர்கள் செய்வதுதான். எனினும் உங்களுக்கான அளவை உங்கள் எண்களையும் சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்து அவரே முடிவு செய்ய வேண்டும். வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் ஒன்றாகக் கலந்த 30/70 வகை இன்சுலின் போடுபவர்கள் இதைத் தனியாகக் கேட்க வேண்டும், ஏனெனில் அந்தக் கலவையில் சாப்பாட்டுக்கான பங்கை மட்டும் குறைக்க வழியில்லை. உடலில் இன்சுலின் சுரக்காத டைப் 1 நோயாளிகள், நாள் முழுதும் மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை எந்த நிலையிலும் தாமாக நிறுத்தக் கூடாது.

இதே சந்திப்பில் கேட்டாக வேண்டிய இன்னொன்றும் உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மருந்துகளைக் கீட்டோவோடு சேர்த்து எடுத்தால், மீட்டரில் சர்க்கரை இயல்பாகத் தெரியும்போதே இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். இது தாழ்சர்க்கரை அன்று, அதைவிட ஆபத்தானது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் சர்க்கரை எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி, தாழ்சர்க்கரையை அடையாளம் காண்பது. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை பொதுவான அறிகுறிகள். இரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் இருக்கும். கீட்டோவின் முதல் வாரத்தில் உடலிலிருந்து உப்பும் நீரும் வெளியேறுவதால் தலைவலி, கிறுகிறுப்பு, சோர்வு வருவதுண்டு. இதுவும் தாழ்சர்க்கரையும் வெளியே ஒன்றுபோலவே தோன்றும். பல ஆண்டுகள் 250, 300 என்றே இருந்து பழகிய உடலுக்கு 100 என்பதுகூடத் தாழ்வாகத் தோன்றி நடுக்கத்தைத் தரலாம். ஆகவே உணர்வை வைத்து ஊகிக்காமல் விரலில் குத்திப் பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால், தாழ்சர்க்கரை என்றே கொண்டு மருத்துவம் செய்யுங்கள்.

70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து, மறுபடி சோதியுங்கள். இன்னும் 70-ஐத் தாண்டவில்லையென்றால் அதே அளவை மறுபடி எடுங்கள். குளுக்கோஸ் தூளை 15 கிராம் பொட்டலங்களாக எடைபோட்டுக் கட்டி, சட்டைப்பையிலும் வண்டியிலும் தலைமாட்டிலும் ஒவ்வொன்று வைத்துக்கொள்வது நல்லது, நடுங்கும் கையால் தேக்கரண்டியில் அளக்க முடியாது. குளுக்கோஸ் இல்லாத இடத்தில் மட்டமாக அளந்த நான்கு தேக்கரண்டி சீனியோ, 150 மில்லி பழச்சாறோ உதவும். ஆனால் அகார்போஸ், வோக்லிபோஸ் ஆகிய சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்குச் சீனி குடலில் மெதுவாகத்தான் உடைபடும் என்பதால் அவர்கள் குளுக்கோஸையே வைத்திருக்க வேண்டும்.

கீட்டோவில் இருப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இத்தனை நாள் ஒதுக்கிய சீனியை எப்படிக் குடிப்பது, உடல் கொழுப்பை எரித்து இயங்கும் கீட்டோசிஸ் நிலை கலைந்துவிடுமே என்ற தயக்கத்தில் கைப்பிடி முந்திரியோ, வெண்ணெயோ, சீஸோ எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கொழுப்பு சர்க்கரையை உயர்த்தாது. கூடவே உண்ணும் சர்க்கரை ஏறுவதையும் தாமதப்படுத்தும். சாக்லேட்டும் இதனாலேயே பயன்படாது. அந்த நேரத்தில் 15 கிராம் குளுக்கோஸ் என்பது மருந்து, உணவு அன்று. அதனால் கீட்டோசிஸ் சற்று விலகினாலும் மீண்டும் திரும்பிவிடும், மூளைக்கு நேரும் பாதிப்போ அப்படித் திரும்பும் என்று சொல்வதற்கில்லை. இன்சுலினோ கிளிமெப்பிரைடு வகை மாத்திரையோ எடுக்காத ஒருவர், நலமாக இருக்கும்போது காலையில் 66, 68 என்று பார்த்தால் பதற வேண்டியதில்லை. ஆனால் ‘கொழுப்பு எரிந்து உண்டாகும் கீட்டோன் மூளையைக் காப்பாற்றும்’ என்று அவர் கொள்ளும் நிம்மதியை இன்சுலின் போடுபவர் கடன் வாங்கக் கூடாது.

எண் 70-ஐத் தாண்டியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. மாவுச்சத்து குறைந்த உணவில் கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பும் குறைந்திருக்கும். அந்தச் சேமிப்பை வெளியேற்றிச் சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் ஊசிகூட எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யாமல் போகலாம். எனவே ஒரு மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள், அதுவரை வண்டி ஓட்டாதீர்கள். கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையால் வந்த தாழ்சர்க்கரை சரியானதுபோல் தோன்றிப் பல மணி நேரத்துக்குப் பின் மீண்டும் வரும் இயல்புடையது. வயதானவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் இது நிகழ்ந்தால், வீட்டில் வைத்துப் பார்க்காமல் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பதே பாதுகாப்பு.

நினைவு தப்பியவரின் வாயில் சர்க்கரைத் தண்ணீரோ வேறெதுவுமோ ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். இதை நோயாளியைவிட வீட்டில் இருப்பவர்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கீட்டோவோடு 16 மணி நேர விரதத்தையும் சேர்ப்பவர்கள், மருந்தளவு நிலைப்படும் வரை விரதத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மது கல்லீரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்குவதைத் தடுப்பதால், சேமிப்பு குறைந்திருக்கும் இந்த நிலையில் அது இரட்டிப்பு ஆபத்து. மாலையில் நீண்ட நேரம் நடந்தாலோ பளு தூக்கினாலோ அதன் விளைவு இரவில் தெரியலாம். நனைந்த தலையணை, கெட்ட கனவு, காலைத் தலைவலி ஆகியவை இருந்தால் ஓரிரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து சோதியுங்கள். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டியிருப்பவர்கள், அந்தக் கையின் மேல் படுத்தாலே பொய்யாகத் தாழ்வு காட்டும் என்பதையும், சர்க்கரை வேகமாக மாறும்போது சென்சார் சில நிமிடம் பின்தங்கும் என்பதையும் நினைவில் கொண்டு விரல் சோதனையால் உறுதி செய்யட்டும்.

முதல் இரண்டு வாரம் காலை வெறும் வயிற்றிலும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்பும், படுக்கும் முன்பும் சோதித்து, எண்ணோடு மருந்தையும் நேரத்தையும் உண்டதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 70-க்குக் கீழே ஒரு முறை வந்தாலும், அடுத்த வேளை மருந்தைப் போடும் முன் அந்தப் பக்கத்தை மருத்துவருக்கு அனுப்பி அளவைக் கேளுங்கள்.