வட கரோலினா வர்ற நம்மூர்க்காரங்களுக்கு: உண்ணி கடிச்சா லேசா எடுத்துக்காதீங்க

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்னு நம்ம பக்கத்துல இருந்து அமெரிக்காவுல இருக்கற வட கரோலினா, வர்ஜீனியாவுக்கு புதுசா வேலைக்கு வர்றவங்களுக்காக எழுதறனுங்க. சோசியல் செக்யூரிட்டி நம்பர், லைசென்ஸ், பேங்க் அக்கவுண்ட் எல்லாம் கம்பெனிக்காரனே வழி சொல்லிருவான். இன்சூரன்ஸ் கார்டு கைக்கு வந்ததும் ஒரு குடும்ப டாக்டர்கிட்ட பேர் பதிஞ்சு வச்சுக்கோங்க, நம்மூர் மாதிரி பொழுதோட போயி டோக்கன் வாங்கிட்டு உக்கார முடியாது, புது பேஷண்டுன்னா வாரக்கணக்குல இழுப்பாங்க. மத்ததெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க, எனக்கு வெசனமெல்லாம் பூச்சிக்கடி பத்தித்தான்.

சிரிக்காதீங்க. தோட்டத்துல, சாளையில வளந்தவங்களுக்கு இதென்ன பாடம்னு நெனைப்பீங்க. சாதாரணக் கடி எல்லாம் அப்படித்தான், பெருசா ஒண்ணுமில்ல. கொசு கடிச்சா சோப்புப் போட்டு கழுவி, துணியில சுத்தி ஐஸ் வச்சு, அரிப்பு தாங்கலைன்னா 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீம், ஊர்ல அவில் போடுவோமில்ல, அதுக்குப் பதிலா இங்க சிட்ரிசின், சீட்டில்லாமயே கடையில குடுப்பான். தேனீ கொட்டுனா கொடுக்கு தோல்லயே நிக்கும், நகத்துலயோ கார்டுலயோ ஒடனே சொரண்டி எடுத்துருங்க, சுண்ணாம்பு தேடிட்டு நின்னா அதுக்குள்ள வெசம் ஏறிட்டே இருக்கும். மஞ்சக் குளவி ஒண்ணு இங்க மண்ணுக்குள்ள பொந்து வச்சிருக்கும், புல்லு வெட்டற மிஷின் மேல போச்சுன்னா கூட்டமா கெளம்பிரும், ஓடிருங்க. செவ்வெறும்பு கடிச்ச எடத்துல மறுநா சீழ் கோத்தாப்புல கொப்புளம் வரும், கிள்ளாதீங்க. மூட்டைப்பூச்சி வேணும்னா ரோட்டோரம் சும்மா கெடக்கற சோபாவ வீட்டுக்கு தூக்கிட்டு வாங்க, அதான் வழி. எது கொட்டுனாலும் ஒதடு, நாக்கு வீங்குது, மூச்சு வாங்குதுன்னா யோசனையே பண்ணாம 911.

இப்ப உண்ணிக்கு வர்றேன்.

என்ற நண்பர் ஒருத்தர், காங்கேயத்துக்காரர். வீட்ல எப்பவும் நாலு மாடு நிக்கும், கட்டுத்தரையில உக்காந்து உண்ணி புடுங்கி மண்ணெண்ண டப்பால போட்டே வளந்த மனுசன். இங்க வந்து வீடு வாங்குனாரு, பின்னாடி காடு, சாயங்காலமானா மானெல்லாம் வரும், பாக்க அழகாத்தான் இருக்கும். ஒரு கோடையில முழங்காலுக்குப் பின்னாடி, இடுப்புலன்னு ரெண்டு மூணு உண்ணி, ஒண்ணு முதுகுல வெள்ளைப் புள்ளியோட. "இத என்ன பெருசா, மாட்டுக்கு எத்தன புடுங்கிருக்கறோம்"னு நகத்துலயே பிச்சுப் போட்டுட்டாரு. அந்த எடம் வாரக்கணக்கா அரிச்சுது, அவர் கண்டுக்கல.

அப்பறம் தீவாளி நோம்பிக்கு எல்லாரும் ஒட்டுக்கா சமைச்சு சாப்பிட்டோம், ஆட்டுக்கறி பிரியாணி, எலும்புக் கொழம்பு. வீட்டுக்குப் போயி தூங்கிட்டாரு. நடுராத்திரி உள்ளங்கையெல்லாம் அரிப்பு, ஒடம்பு பூரா தடிப்பு, வாந்தி, எந்திரிச்சவர் மயங்கி விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ்ல கொண்டு போனா எமர்ஜென்சியில சாப்பாடு ஒத்துக்கலைன்னு சொல்லி ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. பாவம் அவரு வீட்டம்மிணி, மசாலா மேல பழி, அப்பறம் கறிக்கடை மேல பழி, கடைய மாத்துனாங்க. மறுக்காவும் அதே. பில்லு வந்தத நா சொல்லலீங்க, அந்தப் பணத்துல நம்மூர்ல மாடு கன்னோட வாங்கிருக்கலாம். கடைசியா ஒரு அலர்ஜி டாக்டர்தான் மொதக் கேள்வியே "உண்ணி கடிச்சுதா?"ன்னு கேட்டாரு.

அதுக்குப் பேரு ஆல்பா-கால். மனுசன், வாலில்லாக் குரங்கு மாதிரி சிலதத் தவிர மத்த பாலூட்டிங்க ஒடம்புல இருக்கற ஒரு சர்க்கரை அது. அந்த வெள்ளைப் புள்ளி உண்ணி, லோன் ஸ்டார் டிக்னு சொல்லுவாங்க, அது கடிக்கறப்ப சில பேரு ஒடம்பு அந்தச் சர்க்கரைய எதிரியா முடிவு பண்ணிருது. அப்பறம் ஆடு, மாடு, பன்னி எது தின்னாலும் அலர்ஜி. அதுவும் தின்ன ஒடனே வராது, 2 மணி நேரத்துல இருந்து 6 மணி நேரம் கழிச்சுத்தான் வரும், அதனாலதான் யாருக்கும் கறி மேல சந்தேகமே வராது. இதக் கண்டுபுடிச்ச கதையே வர்ஜீனியாவுலதான். செடுக்சிமாப்னு ஒரு கேன்சர் மருந்து இந்தத் தென்கிழக்கு மாநிலங்கள்ல மட்டும் நெறையப் பேருக்கு மோசமா அலர்ஜி ஆச்சு, காரணம் தேடுன தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ்ங்கற அலர்ஜி டாக்டரோட குழு 2008ல இந்தச் சர்க்கரையப் புடிச்சாங்க, அவருக்கே உண்ணி கடிச்சு கறி ஒத்துக்காமப் போச்சு. 2010க்கு அப்பறம் 4.5 லட்சம் பேரு வரைக்கும் இதால பாதிச்சிருக்கலாம்னு சிடிசி, அதான் அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு அமைப்பு, போட்ட கணக்கு, ஆனா அவங்களே 2022ல கேட்டப்ப 100 மருத்துவர்ல 42 பேரு இப்படி ஒண்ணக் கேள்விப்பட்டதே இல்லையாம். எரிச்சலா வருதா இல்லையா.

கடிச்ச எல்லாருக்கும் வராதுங்க. வந்தா மருந்து கெடையாது, மறுபடி உண்ணி கடிக்காமப் பாத்துக்கிட்டா சில பேருக்கு வருசக்கணக்குல கொறையுது. சில பேருக்கு பாலு, நெய்யி, ஜெலட்டின் மாத்திரை கூட ஆகாது. கோழியும் மீனும் பயமில்ல, நம்மாளு இப்ப பள்ளிபாளையம் சிக்கன்லயே காலத்த ஓட்டறாரு. ஊர்ல குலதெய்வக் கோயில் கெடா விருந்துல எலை முன்னாடி உக்காந்து ரசஞ்சோறு தின்னா சொந்தக்காரங்க "அமெரிக்கா போனதும் வேசத்தப் பாரு"ங்கறாங்க, அமுச்சி வேற "கொழம்பாச்சும் ஒரு கரண்டி ஊத்திக்க கண்ணு"ன்னு நிக்குது. கொழம்பும் ஆகாதுன்னு எப்படிப் புரிய வைக்கறது.

அதனால புல்லுக்குள்ள, காட்டுப் பாதையில போனா பேண்ட்ட சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க, உண்ணி அண்டாம இருக்க துணிக்கு பெர்மெத்ரின் மருந்து, தோலுக்கு டீட் இல்லைனா பிகாரிடின் போட்டுக்கோங்க. வந்ததும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள குளிச்சுப்போட்டு அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்பு, கொழந்தைகளுக்கு காதுக்குப் பின்னாடி, தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்க. துணிய துவைக்கறதுக்கு முன்னாடியே டிரையர்ல 10 நிமிசம் நல்ல சூட்டுல ஓட்டுனா ஒளிஞ்சிருக்கறது செத்துரும். கடிச்சிருந்தா கூரான இடுக்கியில தோலு ஓரமாப் புடிச்சு, திருகாம, நேரா மேல இழுங்க. மண்ணெண்ண, வேப்பெண்ண, ஊதுபத்திச் சூடு ஒண்ணும் வேண்டாம். எடுத்தத போட்டோ புடிச்சு, தேதி எழுதி வைங்க.

அப்பறம் காய்ச்சல், தலைவலி, தடிப்பு வந்தா டாக்டர்கிட்ட மொத வார்த்தையே உண்ணி கடிச்சுதுன்னு சொல்லுங்க. நம்மூர் உண்ணிக் காய்ச்சலுக்குக் குடுக்கற அதே டாக்ஸிசைக்ளின்தான் இங்க உண்ணியால வர்ற ராக்கி மவுண்டன் காய்ச்சலுக்கும், ஆனா டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம ஆரம்பிக்கணும். நியூஜெர்சி, கனெக்டிகட் போறவங்களுக்கு உண்ணியால வர்ற இன்னொண்ணு, லைம் நோய், 3 நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள வட்டமா படை மாதிரி விரியும், நம்ம கருத்த தோல்ல படத்துல காட்டற செவப்பு தெரியாது, வெளிச்சத்துல உத்துப் பாருங்க. கறி தின்ன ராத்திரியில காரணமில்லாம அரிச்சா ஆல்பா-கால் ஐஜிஈ ரத்த டெஸ்ட் வேணும்னு பேரச் சொல்லிக் கேளுங்க. வந்துருச்சுன்னா ஊருக்குப் போறப்ப எபிபென், அதான் அலர்ஜி முத்துனா நாமளே போட்டுக்கற ஊசி, ரெண்டு, டாக்டர் சீட்டோட, கையில வச்சிருக்கற பையிலயே கொண்டு போங்க, நம்மூர் மருந்துக்கடையில அது லேசுல கெடைக்காதுங்க.