சனி இரவு ஓபரா, ஞாயிறு காலை டியூஷன்

நியூயோர்க்கின் இசைநாடக அரங்கான மெட்ரோபொலிட்டன் ஓபரா, 2006 முதல் சில சனிக்கிழமைப் பகல் காட்சிகளைப் பல நாட்டு தியேட்டர்களுக்கு நேரலையாக அனுப்புகிறது. ஹட்டனில் இருக்கும் நமக்கு வசதி, அவர்களுடைய சனிக்கிழமை வானொலி ஒலிபரப்பை இணையத்தில் கேட்பதுதான்.

நேரத்தில்தான் ஏமாறுவோம். அங்கே பிற்பகல் 1 மணி என்றால் இங்கே இரவு 11.30. ஆனால் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவதால் 10.30. இது தெரியாமல் பிளேன்டீயும் கையுமாக 11.30க்கு உட்கார்ந்து, முதல் அங்கத்தைக் கோட்டைவிட்டவள் நான். காலண்டரில் நம் நேரத்தையே எழுதிவையுங்கள்.

மறுநாள் விடிந்ததும் வகுப்பு எடுக்க வேண்டுமா? புச்சினியின் ‘லா போஹேம்’ மாதிரி சின்ன ஓபராவாகத் தேர்ந்தெடுங்கள். நான்கு அங்கமும் சேர்த்து இசை இரண்டு மணிக்கும் குறைவு. வாக்னரின் நீண்ட ஓபராக்களைத் தீபாவளி லீவுக்குத் தள்ளிவிடலாம்.

கண்விழிக்கவே முடியாதவர்களுக்கு ஓபராவிஷன் தளம் இருக்கிறது. இலவசம், துணைத்தலைப்பும் உண்டு, பதிவுகள் சில மாதங்கள் இருக்கும். நான் இரவுக்கு ஓர் அங்கம் பார்க்கிறேன், மழையில் சிக்னல் போகாதிருந்தால்.