பாஸிடம் பழகிய வேலைக்கு என்விகியூ எடுக்கும் வழி

கொழும்பில் மாடி எழும்பும் இடமெல்லாம் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹட்டன், மஸ்கெலியா, பசறைப் பக்கமிருந்து ஓ/எல் முடித்தோ முடிக்காமலோ வந்து, ஒரு வயரிங் பாஸிடம் ஹெல்பராகச் சேர்ந்து, சுவர் வெட்டி, பைப் புதைத்து, சில வருடங்களில் இரண்டு மாடி வீட்டைத் தனியாக வயர் பண்ணும் அளவுக்குக் கை தேறிவிடுகிறார்கள். ‘சேர்டிபிகேட் இருக்கா?’ என்று யாராவது கேட்டால் மட்டும் வாய் அடைத்துப்போகிறது. நான் கொட்டாஞ்சேனையில் சிறிய அளவில் வயரிங் கொன்ட்ரக்ட் எடுப்பவன். என்னிடம் வேலை செய்த பையன்கள் சிலருக்கு இந்த வழியில் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

தம்பிமாரே, என்விகியூ, அதாவது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், எடுக்க கோர்ஸ் போயே ஆக வேண்டும் என்றில்லை. வேலை செய்து பழகியவருக்கு, அந்தப் பழக்கத்தையே சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. ஆர்பிஎல் என்று கேளுங்கள். வகுப்பு கிடையாது, மதிப்பீடு மட்டும்தான். கோர்ஸ் படித்தவருக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ்தான் உங்களுக்கும். மொத்தம் 7 மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். கை தேறிய எலக்ட்ரீஷியன் 3 அல்லது 4ஐக் குறிவைக்கலாம்.

விண்ணப்பத்துக்கு ராஜகிரியவில் உள்ள நைட்டா என்ற தேசிய பயிலுநர் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபைக்குப் போகலாம், அல்லது நாரஹேன்பிட்ட எல்விட்டிகல மாவத்தையில் உள்ள தொழிற்பயிற்சி அதிகாரசபைக்குப் போகலாம். கட்டணத்தை அங்கேயே கேளுங்கள், கட்டினால் ரசீது வாங்குங்கள். தமிழில் மதிப்பீடு வேண்டும் என்பதை விண்ணப்பம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சிங்களம் பேச வருகிறதே, சமாளிக்கலாம் என்று விடாதீர்கள். சைட்டில் சாமான் கேட்கும் சிங்களம் வேறு, ஏன் இந்த அளவு வயர் போட்டாய் என்பதற்குக் காரணம் சொல்லும் சிங்களம் வேறு.

விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில்தான் பெரிய சிக்கல். ஒன்றில் அப்பா பெயர் முன்னால் இருக்கும், மற்றதில் இருக்காது. யோகேஸ்வரன் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் ஒருவர் ‘வி’ போட்டிருப்பார், இன்னொருவர் ‘டபிள்யூ’ போட்டிருப்பார். சான்றிதழில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரியும் இருந்தால், நாளைக்குக் கட்டாருக்கோ துபாய்க்கோ விசா போடும்போது அலைச்சல் உங்களுக்குத்தான். திருத்தம் இருந்தால் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது கிராம சேவகரைப் பார்த்து, பிரதேச செயலகத்தில் அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். லீவு நாளில் அலுவலகம் பூட்டியிருக்கும். அதனால் வேலை நாள் ஒன்றிரண்டு சேர்த்துத் தங்குகிற மாதிரிப் போங்கள்.

அடுத்தது பைல். நீங்கள் இந்த வேலையைச் செய்தவர்தான் என்று அது பேச வேண்டும். முதலில் சேவைக் கடிதம். ‘இவர் என்னிடம் வேலை செய்தார், நல்ல பையன்’ என்று இரண்டு வரி எழுதிய கடிதத்தால் பிரயோசனம் குறைவு. அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், அட்டை இலக்கம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்த சைட், என்னென்ன வேலை எல்லாம் வர வேண்டும். பைப் போட்டது, வயர் இழுத்தது, டிபி (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) கட்டியது, ஏர்த் அடித்தது, பழுது பார்த்தது என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கீழே கையெழுத்து, சீல், போன் நம்பர். பாஸிடம் லெட்டர்ஹெட் இல்லையென்றால் அந்த சைட் இன்ஜினியரிடம் கேளுங்கள். வயர் பண்ணிக் கொடுத்த வீட்டுக்காரரிடமும் ஒரு கடிதம் வாங்கி வைக்கலாம். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அந்த வீட்டில் இரவு லைட் எரிவது உங்கள் கைவேலையால்.

போட்டோவை இன்றைக்கே எடுக்கத் தொடங்குங்கள். பூச்சு பூசியபின் நம் வேலையில் பாதி சுவருக்குள் போய்விடும், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. வெட்டிய சுவரில் பைப் இருக்கும்போது ஒன்று, மூடி போடும் முன் டிபியின் உட்பக்கம் ஒன்று, முடித்தபின் ஒன்று. சிலதிலாவது உங்கள் முகம் தெரியட்டும். பின்பக்கம் இடத்தையும் மாதத்தையும் எழுதுங்கள்.

மதிப்பீட்டு நாளன்று நம் பையன்கள் தடுமாறுவது கைவேலையில் அல்ல, பாதுகாப்பிலும் காரணம் சொல்வதிலும்தான். ஒரு பிளக் பேஸைக் கழற்றச் சொன்னால் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். பிரேக்கரை இறக்குங்கள். வேறு யாரும் திரும்பப் போடாதபடி பூட்டுங்கள், குறைந்தது ஒரு அட்டையாவது தொங்கவிடுங்கள். மீட்டரை முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமான இடத்தில் வைத்து அது காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் பாருங்கள். மறுபடி அந்தக் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியில் சொன்னதை அநேகர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் மீட்டர் செத்துப்போயிருந்தால் அது பூச்சியம்தான் காட்டும், அதை நம்பித்தான் நீங்கள் கையை வைப்பீர்கள். மதிப்பீட்டுக்காக மட்டும் இதைப் பழகாதீர்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைகளின் உயிர் என்பதால் இதை நீட்டிச் சொல்கிறேன்.

மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) கொடுத்தால், பல்பு, டிமர், எல்இடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்டில் பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைன் சரியில்லை. லைட்டுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67 என்று நாம் வாயால் சொல்லும் வயர், கணக்கில் 1 சதுர மில்லிமீட்டரும் 2.5 சதுர மில்லிமீட்டரும். இரண்டு விதமாகவும் சொல்லத் தெரிந்திருங்கள். பிரேக்கர் இருக்கும்போது ட்ரிப் சுவிட்ச் எதற்கு என்று கேட்டால், பிரேக்கர் ஓவர்லோடுக்கும் ஷோர்ட்டுக்கும் விழும், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வெளியே கசியும் கரண்டுக்கு விழும், வயரைக் காப்பது அது, ஆளைக் காப்பது இது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். புத்தகத் தமிழ் தேவையில்லை.

சில பகுதிகளில் தேர்ச்சி இல்லையென்று வந்தாலும் முழுவதும் வீணில்லை. தேறிய பகுதிகளுக்குப் பதிவு கிடைக்கும். மீதியைப் பழகிக்கொண்டு மறுபடி போகலாம்.

பணம் கொடுத்தால் மதிப்பீடே இல்லாமல் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கிட்டவும் போகாதீர்கள். உண்மையான சான்றிதழா என்பதை அதன் இலக்கத்தை வைத்து இணையத்திலேயே பார்த்துவிடுவார்கள்.

4 எடுத்தவர் அத்தோடு நிற்க வேண்டாம். மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியில் 5ஆம் மட்ட டிப்ளோமாக்கள் பற்றி விசாரியுங்கள். அதற்கு மேல் பட்டம் வரை போக ரத்மலானையில் யூனிவோடெக் என்ற தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்யாணம், கடன் என்று வருவதற்கு முன் 5ஐத் தொடங்கிவிடுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் லேமினேட் பண்ணாதீர்கள். வெளிநாட்டுக்குப் போகும்போது வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அதில் முத்திரை குத்த வேண்டிவரலாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, நாலைந்து கொப்பி எடுத்து, ஒன்றை வீட்டில் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.