1234567 பகா எண்ணா? சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1234567-ஐப் பார்த்ததும் பகா எண் என்று சொல்லிவிடத் தோன்றும். ஒற்றைப்படை எண். இலக்கங்களின் கூடுதல் 28, ஆகவே 3-ஆல் வகுபடாது. 7-இல் முடிவதால் 5-ஆலும் வகுபடாது. தொடர்ந்து போட்டுப் பார்த்தால், 100-க்குள் உள்ள 25 பகா எண்களில் ஒன்றுகூட இதை மீதியின்றி வகுக்காது. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

எதுவரை சோதிக்க வேண்டும் என்பதை வர்க்கமூலம்தான் தீர்மானிக்கும். ஓர் எண்ணை இரண்டு காரணிகளின் பெருக்கமாக எழுதினால், இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியதாக இருக்க முடியாது. இருந்தால் பெருக்கற்பலன் அந்த எண்ணைத் தாண்டிவிடும். 1111-இன் வர்க்கம் 1234321, 1112-இன் வர்க்கம் 1236544. ஆகவே 1111 வரையுள்ள பகா எண்கள் 186-ஐயும் சோதித்த பிறகுதான் 'பகா எண்' என்று சொல்ல உரிமை உண்டு. இங்கே அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 100-ஐத் தாண்டி ஆறாவதாக வரும் 127-இலேயே விடை கிடைக்கிறது: 127 × 9721 = 1234567.

அடுத்து 9721-ஐ மறுபடி 2-இலிருந்து சோதிக்கத் தொடங்குவது வீண் வேலை. 127-க்குக் கீழுள்ள பகா எண் எதுவும் மூல எண்ணையே வகுக்கவில்லை; அதன் காரணியை மட்டும் எப்படி வகுக்கும்? 127-இன் வர்க்கமான 16129, 9721-ஐவிடப் பெரியது. எனவே 9721 பகா எண்.

7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் சோதிக்க அழகான வழி ஒன்று உண்டு. 7 × 11 × 13 = 1001 என்பதால், வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டிக் கழிக்கலாம்: 567 − 234 + 1 = 334. இதை 7, 11, 13-ஆல் வகுத்தால் மீதி முறையே 5, 4, 9. மூல எண்ணுக்கும் அதே மீதிகள்தான். நம் ஊர்க் கணக்கில் 12,34,567 என்று காற்புள்ளி இடுவதால் பலர் வழுக்குவது இங்கேதான். காற்புள்ளியை நம்பி 567 − 34 + 12 = 545 என்று போட்டால், 11-க்கு மீதி 6 என்று தவறாக வரும்.

காரணிகளைப் பட்டியலிடும்போது 1-ஐயும் எண்ணையும் விட்டுவிடாதீர்கள். 1, 127, 9721, 1234567 என நான்கு; கூடுதல் 128 × 9722 = 1244416. 1234567-உடன் சார்பகாவான (1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத), அதைவிடச் சிறிய எண்களின் எண்ணிக்கை 126 × 9720 = 1224720. ஒவ்வொரு பகா காரணியிலும் 1-ஐக் கழித்துப் பெருக்கும் இந்த வழி, காரணிகள் திரும்ப வராதபோது மட்டுமே செல்லும். 9-க்கு 2 × 2 = 4 என்று போட்டால் தவறு; சரியான விடை 6.

எண் இன்னும் பெரிதானால் கணினியே ஏமாற்றும். 9007199254740993 என்பது 3-ஆல் வகுபடும் ஒற்றைப்படை எண். கணினி மொழிகளில் தசம எண்களுக்கான வழக்கமான 64 பிட் மிதவைப்புள்ளி (float) வகையில் சேமித்தால் அது 9007199254740992 ஆகிவிடும். அதாவது 2-இன் 53-ஆம் அடுக்கு. 3 என்ற காரணியே காணாமல் போய்விடும். பைத்தான் (Python) நிரல்மொழியில் முழு எண்ணுக்கு இந்த வரம்பு இல்லை என்றாலும், ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் விடை தசமமாகிவிடும். இரட்டைச் சாய்கோட்டையும், மீதிக்கு % குறியையும் பயன்படுத்துங்கள்.