ஓர் அமலைக் கையில் எடுக்கும் முன்: நபிவழியையும் ஒட்டுச் சேர்க்கையையும் பிரிக்கும் முறை

ரஜப் பிறை தெரிந்த அன்றே, இன்ன அமலை (வணக்கச் செயலை) செய்யுங்கள் என்ற செய்திகள் கைப்பேசியில் வரத் தொடங்கிவிடும். இன்ன இரவில் இத்தனை ரக்அத், ஒவ்வொன்றிலும் இன்ன சூரா இத்தனை தடவை, செய்தவருக்கு இத்தனை ஆண்டு வணக்கத்தின் நன்மை. ஷஃபானில் வேறொன்று, முஹர்ரத்தில் மற்றொன்று. அனுப்புகிறவர் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்புகிறார். அதனாலேயே, கண்ணை மூடிக்கொண்டு செய்வதும் தவறு, வந்த வேகத்தில் "பித்அத்" (மார்க்கத்தில் புகுத்திய புதுமை) என்று தூக்கி எறிவதும் தவறு.

இப்படி வருபவற்றில் முழுக்க முழுக்கப் புனைவானவை குறைவு. தொழுகை, நோன்பு, குர்ஆன் ஓதுதல் என்று உண்மையான ஒரு வணக்கம் அடியில் இருக்கும். அதன் மேல் ஒரு தேதி, ஓர் எண்ணிக்கை, ஒரு கூலி ஒட்டியிருக்கும். செய்ய வேண்டியது, ஒட்டியதைக் கழற்றிவிட்டு அடியில் இருப்பதைக் காப்பாற்றுவது. இதை நபி (ஸல்) அவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். அபூ இஸ்ராயீல் என்பவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உட்காருவதில்லை, நிழலுக்குப் போவதில்லை, பேசுவதில்லை, நோன்பும் இருப்பேன் என்று நேர்ந்துகொண்டவர். "அவரைப் பேசச் சொல்லுங்கள், நிழலுக்கு வரட்டும், உட்காரட்டும், நோன்பை முழுமையாக்கட்டும்" என்றார்கள் நபியவர்கள் (புகாரி 6704). மூன்று கழன்றன, நோன்பு நின்றது. இந்த ஒரு ஹதீஸை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் வேலை பாதி முடிந்த மாதிரி.

முதலில், இது வணக்கமா, வசதியா?

ஒலிபெருக்கி, சஃப்பு நேராக நிற்கக் கம்பளத்தில் போட்ட கோடு, அச்சிட்ட குர்ஆன், மதரசாவின் வகுப்புப் பிரிவு ஆகியவை நபியவர்கள் காலத்தில் இல்லை. ஆனால் இவற்றை யாரும் தனி வணக்கமாகச் செய்வதில்லை. வணக்கத்துக்கு உதவும் கருவிகள் இவை. உலக விஷயங்களில் தடை வரும்வரை அனுமதி உண்டு. வணக்கத்தில் ஆதாரம் வரும்வரை நிறுத்தம். ஐயம் வந்தால் ஒரே கேள்வி போதும்: "இந்த முறையில் செய்தால் அல்லாஹ்விடம் தனி நன்மை என்று நம்பித்தான் செய்கிறோமா?" ஆம் என்றால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். தஸ்பீஹ் மணி இதற்கு நல்ல உதாரணம். எண்ணிக்கை தவறாமல் இருக்க உருட்டினால் அது கருவி. மணிக்கே ஒரு பரக்கத் இருப்பதாக நினைத்தால் ஆதாரம் கேட்கப்படும். நபியவர்கள் தஸ்பீஹை விரலில் எண்ணியதாகவே அறிவிப்பு உள்ளது.

அமலைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

மனத்துக்குள் சோதித்தால் குழம்பும். ஒரு தாளில் எழுதுங்கள். சவூதி அறிஞர் இப்னு உஸைமீன் (இறப்பு 2001) ஒரு வணக்கம் நபிவழியோடு ஆறு விதத்தில் பொருந்த வேண்டும் என்று வகுத்துச் சொன்னார்: காரணம், இனம், அளவு, செய்முறை, நேரம், இடம். மிஃராஜ் நடந்த இரவு என்பதற்காகவே ரஜப் 27இல் தனித் தொழுகை தொழுதால் இடறுவது காரணம். குதிரையைக் குர்பானி கொடுத்தால் இனம். லுஹரை வேண்டுமென்றே 5 ரக்அத் தொழுதால் அளவு. வுளூவைக் காலில் தொடங்கினால் செய்முறை. துல்ஹஜ் முதல் நாளிலேயே குர்பானி அறுத்தால் நேரம். ஆண் ஒருவர் பள்ளிவாசலை விட்டு வீட்டு அறையில் இஃதிகாஃப் (வணக்கத்துக்காகத் தங்கியிருத்தல்) இருந்தால் இடம். இவற்றோடு ஏழாவதாக ஒரு வரியையும் நாம் சேர்த்துக்கொள்வது நல்லது: சொல்லப்படும் கூலி. கைப்பேசியில் வரும் அமல்களில் பெரும்பாலானவை இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இதற்கு ஆதாரம் எது?" என்று எழுதுங்கள். குர்ஆன் ஓதுவதற்கு ஆதாரம் இருக்கிறது என்பதால், அதைக் குறிப்பிட்ட இரவில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஓதுவதற்கும் ஆதாரம் வந்துவிடாது. பொது ஆதாரத்தைக் காட்டித் தனி வடிவத்தை நிறுவுவதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. ஜும்ஆ நாளை விடச் சிறந்த நாள் வாரத்தில் இல்லை. இரவுத் தொழுகையும் சிறந்தது, நோன்பும் சிறந்தது. ஆனாலும், வெள்ளி இரவை மட்டும் தொழுகைக்கு, வெள்ளிப் பகலை மட்டும் நோன்புக்கு எனத் தனியாக்காதீர்கள் என்று தடை வந்திருக்கிறது (முஸ்லிம் 1144). வழக்கமாக நோற்கும் நோன்பு அன்று அமைந்தால் விதிவிலக்கு. நாள் சிறந்தது, அமல் சிறந்தது, ஆகவே இரண்டையும் சேர்த்தால் இன்னும் சிறந்தது என்ற கணக்கு வணக்கத்தில் செல்லாது.

நூல் பெயரும் எண்ணும் போதாது

"ஹதீஸில் வந்துள்ளது" என்று மட்டும் இருந்தால் நூல் கிடைக்கும்வரை ஒதுக்கி வையுங்கள். நூல் பெயரும் எண்ணும் இருந்தாலும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். பராஅத் இரவு (ஷஃபான் 15ஆம் இரவு) பற்றி இப்னு மாஜாவில் வரும் இரண்டு ஹதீஸ்களைப் பாருங்கள். எண் 1388, அந்த இரவில் நின்று வணங்கி மறுநாள் நோன்பு வையுங்கள் என்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் இப்னு அபீ சப்ரா இருக்கிறார். ஹதீஸ்களை இட்டுக்கட்டுகிறவர் என்று இமாம் அஹ்மத் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எண் 1390, அந்த இரவில் இணைவைப்பவரையும் பகை வளர்ப்பவரையும் தவிர அனைவரையும் அல்லாஹ் மன்னிக்கிறான் என்கிறது. பல வழிகளில் வந்திருப்பதால் அறிஞர்கள் பலர் இதை ஏற்கத்தக்கது என்கிறார்கள். ஒரே நூல், அருகருகே உள்ள எண்கள், நிலையோ நேர் எதிர்.

தேடும்போது இன்னொரு சிக்கலும் வரும். முஸ்லிம் நூலின் எண்கள் அரபுப் பதிப்பில் ஒன்று, தமிழ் மொழிபெயர்ப்பில் வேறொன்று. இங்கே தந்திருப்பவை அரபுப் பதிப்பில் பரவலாக வழங்கும் எண்கள். எண் பொருந்தவில்லை என்றதும் "இல்லாத ஹதீஸ்" என்று முடிவு கட்டாமல், பாடத் தலைப்பையும் அறிவிப்பவர் பெயரையும் வைத்துத் தேடுங்கள்.

பலவீனமான ஹதீஸை நற்செயல்களின் சிறப்பு சொல்லப் பயன்படுத்தலாம் என்று சொன்னவர்களும் கதவை அகலத் திறந்துவிடவில்லை. ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் மூன்று நிபந்தனை வைத்தார்: பலவீனம் கடுமையாக இருக்கக் கூடாது, ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட ஓர் அடிப்படைக்குள் அந்த அமல் அடங்க வேண்டும், நபியவர்கள் சொன்னது உறுதி என்று நம்பிச் செய்யக் கூடாது. சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போட்டால் மூன்றாவது நிபந்தனை அங்கேயே முறிந்துபோகிறது.

சின்னஞ்சிறு செயலுக்கு ஆயிரக்கணக்கான ஹஜ்ஜின் நன்மை என்று வந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். "மதீனாவில் ஒரு பெரியவர் கனவு கண்டார்" என்று தொடங்குவதும் அப்படியே. அன்ஸாரி ஒருவர் கனவில் கண்ட ஒரு தஸ்பீஹ் முறை நபிவழியானது உண்டு. ஆனால் அது கனவில் வந்ததால் ஆகவில்லை, நபியவர்கள் அப்படியே செய்யுங்கள் என்று சொன்னதால் ஆனது (நஸாயீ). அந்த வாசல் அவர்களோடு மூடிவிட்டது.

"நல்ல பித்அத்" உண்டல்லவா?

இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. தராவீஹுக்கு மக்களை உபை இப்னு கஅப் (ரலி) பின்னால் ஒன்றுசேர்த்த உமர் (ரலி), "இது நல்ல புதுமை" என்றார்கள் (புகாரி 2010). ருகூவிலிருந்து எழும்போது ஒரு தோழர் தாமாகவே சில புகழ் வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னார், முப்பதுக்கும் மேற்பட்ட வானவர்கள் அதை எழுத விரைந்ததைக் கண்டதாக நபியவர்கள் சொன்னார்கள் (புகாரி 799). இவற்றை வைத்துத்தான் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (இறப்பு ஹிஜ்ரி 660) புதுமைகளைக் கட்டாயம் முதல் ஹராம்வரை ஐந்தாகப் பிரித்தார். மறுபுறம், எல்லாப் பித்அத்தும் வழிகேடு என்ற ஹதீஸை (முஸ்லிம் 867) அதன் பொது நிலையிலேயே வைத்த ஷாதிபீ (இறப்பு ஹிஜ்ரி 790) இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. தராவீஹ் ஜமாஅத்தை நபியவர்களே சில இரவுகள் நடத்திவிட்டு, கடமையாகிவிடுமோ என்ற அச்சத்தில் நிறுத்தினார்கள், உமர் (ரலி) உயிர்ப்பித்தது அதைத்தான் என்பது இத்தரப்பின் விளக்கம். வலுவான விளக்கம்தான்.

ஆனால் கவனிக்க வேண்டிய இடம் வேறு. ரகாஇப் தொழுகை என்று ஒன்று இருந்தது: ரஜபின் முதல் வியாழன் நோன்பு, அன்றைய வெள்ளி இரவில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே 12 ரக்அத், ஒவ்வொன்றிலும் கத்ர் சூரா 3 தடவை, இக்லாஸ் 12 தடவை. பைத்துல் முகத்தஸில் இது ஹிஜ்ரி 480க்குப் பிறகுதான் தலைகாட்டியது என்று துர்தூஷீ பதிவு செய்கிறார். இதற்கு எதிராக டமாஸ்கஸில் இப்னுஸ் ஸலாஹோடு வாதாடியவர் வேறு யாருமல்ல, ஐந்து வகை சொன்ன அதே இஸ்ஸுத்தீன். நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் இமாம் நவவீ, இந்த 12 ரக்அத்தையும் ஷஃபான் நடு இரவின் 100 ரக்அத்தையும் அருவருப்பான பித்அத்கள் என்று தம் சட்ட நூலான மஜ்மூவில் எழுதினார். பெயர் பெற்ற நூல்களில் இடம்பெற்றிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம் என்றும் சொன்னார். "நல்ல பித்அத்" என்ற வகையை ஏற்றவர்களும், ஆதாரமில்லாத தனித் தொழுகைக்கு அதைச் சீட்டாகக் கொடுக்கவில்லை.

பராஅத் இரவின் மூன்று யாசீன்: ஒரு செய்முறை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஷஃபான் 15ஆம் இரவு மஃரிபுக்குப் பின் யாசீன் மூன்று முறை ஓதப்படுவது பலர் பார்த்த வழக்கம்: ஆயுள் நீள ஒன்று, ஆபத்து விலக ஒன்று, ரிஸ்கு (வாழ்வாதாரம்) பெருக ஒன்று. தாளில் பிரித்தால் இப்படி வரும். யாசீன் ஓதுவது குர்ஆன் ஓதுவது, நிற்கும். மூன்று என்ற எண்ணிக்கைக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி நிய்யத்துக்கும் (எண்ணத்துக்கும்) ஹதீஸ் இல்லை, கழலும். இரவின் சிறப்புக்கு மேலே சொன்ன 1390 இருக்கிறது. ஷாமின் (சிரியாப் பகுதியின்) தாபியீன்களில், அதாவது நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினரில், காலித் இப்னு மஅதான், மக்ஹூல் போன்றோர் இந்த இரவைக் கண்ணியப்படுத்தினர், ஹிஜாஸில் அதா, இப்னு அபீ முலைக்கா போன்றோர் மறுத்தனர். ஆகவே வீட்டில் தனியாகத் தொழுது துஆக் கேட்பவரைப் பிடித்து உலுக்க வேண்டியதில்லை. ஆயுளுக்கும் ரிஸ்குக்கும் எந்த இரவிலும் சொந்த வார்த்தைகளில் கேட்கலாம். மறுநாள் நோன்பா? நபியவர்கள் ஷஃபானில் அதிகம் நோற்றார்கள் (புகாரி 1969). 13, 14, 15 மூன்று நாளும் நோற்றால் எந்த மாதத்திலும் நிற்கும் ஆதாரம் கிடைத்துவிடுகிறது. அதோடு, 1390 சொல்லும் நிபந்தனையைப் பாருங்கள்: பகை. பேசாமல் இருக்கும் சகோதரரை அன்று மாலை போய்ப் பார்ப்பது, அந்த ஹதீஸை அமல்படுத்தும் நேரான வழி.

நிரப்புவதற்கு நபிவழியே இருக்கிறது

ஒன்றை நிறுத்தச் சொன்னால் கையில் மற்றொன்றைக் கொடுக்க வேண்டும். ஃபர்ளு தொழுகைக்குப் பின்: அஸ்தஃபிருல்லாஹ் 3 தடவை, பிறகு "அல்லாஹும்ம அன்தஸ் ஸலாம்" எனத் தொடங்கும் துஆ (முஸ்லிம் 591). அடுத்து சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 33, நூறாவதாக "லா இலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு லா ஷரீக லஹு" முழுவதும் (முஸ்லிம் 597). அல்லது தக்பீரை (அல்லாஹு அக்பரை) 34 ஆக்கி நூறை முடிக்கலாம் (முஸ்லிம் 596). அவசர வேலை இருந்தால் மூன்றும் பத்துப் பத்து (புகாரி 6329). ஒரு நேரத்துக்கு ஒரு வகையை எடுங்கள். 34 தக்பீரும் சொல்லி மேலே தஹ்லீலும் ("லா இலாஹ இல்லல்லாஹு" வாசகமும்) சேர்த்தால் எண்ணிக்கை 101 ஆகிவிடும், எந்த அறிவிப்போடும் பொருந்தாது.

வார்த்தைகளிலும் இதே கவனம் வேண்டும். தூங்கும் முன் ஓதும் துஆவைப் பராஃ (ரலி) திரும்பச் சொல்லிப் பார்த்தபோது "உன் நபி" என்ற இடத்தில் "உன் தூதர்" என்றார், நபியவர்கள் அதைத் திருத்தினார்கள் (புகாரி 247). கற்றுத்தந்த வாசகத்தில் சொல் மாற்ற இடமில்லை. சொந்தத் துஆவில் தமிழிலேயே எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

உங்கள் பள்ளியில் இமாம் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் சத்தமாகத் துஆ ஓதி மக்கள் ஆமீன் சொல்கிறார்களா? கற்றுக்கொடுக்கும் நோக்கம் இல்லாதபோது இமாமும் பின்தொழுபவரும் திக்ரை மெல்லச் சொல்வதே இமாம் ஷாஃபியின் தேர்வு. இதற்காக எழுந்து சண்டை பிடிக்காதீர்கள், உட்கார்ந்த இடத்தில் உங்கள் தஸ்பீஹை மெல்லச் சொல்லி முடியுங்கள். தனியாகப் பேச வாய்ப்புக் கிடைத்தால் மத்ஹபின் நூலைக் காட்டிப் பேசுங்கள். வீட்டில் முதியவர்களிடம் "இத்தனை நாள் செய்தது வீண்" என்று சொல்லவே கூடாது. ஓதிய குர்ஆன் குர்ஆன்தான்.

எல்லாமே தாளில் தெளிவாகிவிடாது. தஸ்பீஹ் தொழுகையை (4 ரக்அத், ஒவ்வொன்றிலும் 75, மொத்தம் 300) இட்டுக்கட்டப்பட்டது என்றவர் இப்னுல் ஜவ்ஸீ, ஏற்கத்தக்கது என்ற ஹதீஸ் அறிஞர்களும் உண்டு. இங்கே நீங்கள் நம்பும் ஆலிமின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள், மாற்று முடிவெடுத்தவரை பித்அத்காரர் என்று அழைக்காதீர்கள்.

அடுத்த முறை அப்படியொரு செய்தி வரும்போது, அதைப் பிறருக்கு அனுப்பும் முன் அனுப்பியவருக்கே எழுதுங்கள்: "அஸ்ஸலாமு அலைக்கும். நல்ல எண்ணத்தோடு அனுப்பியிருக்கிறீர்கள், அல்லாஹ் கூலி தரட்டும். இந்த ரக்அத் எண்ணிக்கை எந்த நூலில், யார் அறிவித்து வருகிறது என்று கேட்டுச் சொல்ல முடியுமா?" பதில் வரும்வரை அது உங்கள் கைப்பேசியிலேயே நிற்கட்டும்.