தண்டுவடக் காயத்துக்குப் பின் மெலியும் தொடைக்கு மின் தூண்டல் பயிற்சி: செய்யும் முறை

தண்டுவடத்தில் அடிபட்ட சில வாரங்களிலேயே தொடை மெலியத் தொடங்கிவிடுகிறது. மூளையின் கட்டளை வந்து சேராமல் தசை வேலையற்றுக் கிடக்கிறது. அந்த வேலையை மின்சாரத்தின் வழியே திரும்பக் கொடுப்பதே மின் தூண்டல். சேதமடைந்த தண்டுவடத்தை இது சீராக்காது. ஆயினும் தொடைத் தசை வெறும் சதை அன்று. ரத்தச் சர்க்கரையைப் பெருமளவில் எடுத்துக்கொள்ளும் இடம் அது என்பதால், எழுந்து நடக்க முடியாதவருக்கும் அதைக் காப்பது உடல்நலத்தைக் காப்பதேயாகும்.

தொடைக்கு வரும் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். காயம் கழுத்திலோ மேல் முதுகிலோ இருந்தால் அந்த நரம்பு பெரும்பாலும் பிழைத்திருக்கும். கால் தானாக விறைப்பதும் துள்ளுவதும் அதன் அடையாளம். காயம் தண்டுவடத்தின் அடிநுனியிலோ அதற்குக் கீழுள்ள நரம்புக் கற்றையிலோ இருந்து கால் துவண்டு கிடந்தால், சாதாரணக் கருவி பயன் தராது. நரம்பற்ற தசைக்கு மிக நீண்ட மின்துடிப்பு வேண்டும். வியன்னாவில் ஹெல்முட் கெர்ன் குழுவினர் அதற்கென்றே தனிக் கருவியும் பயிற்சிமுறையும் உருவாக்கினர்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர், கர்ப்பிணி, காலில் ரத்தக்கட்டு உள்ளவர், மின்சாரம் செலுத்தத் தோலில் ஒட்டும் பட்டையான பேட் படும் இடத்தில் புண் உள்ளவர் ஆகியோர் மருத்துவர் அனுமதியின்றி இதைத் தொடக்கூடாது. காயம் பட்டு ஆண்டுகள் கடந்திருந்தால் எலும்பு மிகவும் வலுவிழந்திருக்கும். தூண்டப்பட்ட தசையின் இழுப்பே எலும்பை முறிக்கக்கூடும் என்பதால், எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்குப் பிறகே தொடங்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது வலி குறைக்கும் டென்ஸ் கருவியைத் தசைத் தூண்டல் கருவி என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். அது நரம்புக்குச் சிலிர்ப்பு தருவதற்கானது, தசையைப் பயிற்றுவிப்பதற்கானது அன்று.

பயிற்சியின்போது சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, இடுப்புப் பட்டையைக் கட்டி, முழங்கால் மடங்கிப் பாதம் தொங்கும்படி காயம்பட்டவரை உட்கார வையுங்கள். தோலைச் சோப்பு நீரால் துடைத்து உலர்த்தியபின், பெரிய பேட் ஒன்றை முழங்கால் சிரட்டைக்குச் சுமார் மூன்று விரற்கடை மேலே, தொடையின் உட்புறம் சாய்த்து ஒட்டுங்கள். மற்றொன்றைத் தொடையின் மேல்பகுதியில் வெளிப்புறமாக ஒட்டுங்கள். ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் மின்சாரம் ஒரே இடத்தில் குவிந்து தோலைச் சுட்டுவிடும், அவருக்கோ அந்தச் சூடு தெரியாது.

ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்ட அளவு நொடிக்கு 30 துடிப்பு, ஒவ்வொன்றும் 450 மைக்ரோ விநாடி. அவருக்குரிய அளவை இயன்முறை மருத்துவர் குறித்துக் கொடுப்பார். மின்னோட்டத்தைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். முதலில் தசை நெளியும், பிறகு பாதம் அசையும், அதன்பின் முழங்கால் முழுதாக நீளும். அந்த நீட்டல்தான் பயிற்சி; வெறும் துடிப்போடு நின்றுவிட்டால் தசை வளராது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு காலுக்குப் பத்து நீட்டல் வீதம் நான்கு சுற்றுகள், சுற்றுகளுக்கிடையே இரண்டு மூன்று நிமிட ஓய்வு, வாரத்தில் இரண்டு நாள் போதும். மின்சாரம் ஒரே தசையிழைகளை மீண்டும் மீண்டும் எழுப்புவதால் தசை விரைவில் களைத்துவிடும், ஆகவே ஓய்வைக் குறைக்காதீர்கள். நாற்பது நீட்டலும் இரண்டு அமர்வுகளில் தொடர்ந்து முழுமையாக வந்தபின்பே கணுக்காலில் ஒரு கிலோ அளவில் எடை கட்டி, பிறகு படிப்படியாகக் கூட்டலாம். 2005இல் வெளியான சிறு ஆய்வொன்றில், இவ்வாறு 12 வாரம் பயின்ற ஐந்து ஆண்களின் முன்தொடைத் தசைப் பருமன் சராசரியாக 35 சதவீதத்துக்கு மேல் கூடியது.

காயம் மார்புப் பகுதியின் 6ஆவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் ரத்த அழுத்தமானியைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். திடீர்த் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல், வழக்கத்தைவிட 20க்கு மேல் எகிறும் மேல் அழுத்தம் ஆகியவை உயிருக்கே ஆபத்தான நிலையின் அறிகுறிகள். உடனே கருவியை நிறுத்தி, நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் இறங்காவிட்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முடிந்ததும் பேட்டை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்துத் தோலைப் பாருங்கள். இளஞ்சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டால் கவலையில்லை. கருமையான தோலில் சிவப்பு தெரியாது என்பதால் புறங்கையால் தொட்டுச் சூட்டையும் தடிப்பையும் பாருங்கள். கொப்புளமோ மறையாத தடமோ இருந்தால், அது முழுதாக ஆறும்வரை அந்த இடத்தில் மீண்டும் பேட் ஒட்டக்கூடாது.