பொறி கக்கிய கிரைண்டர்: என் அனுபவம்

கிருஷ்ணகிரியில் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகைதான் என் பட்டறை. கிரானைட் அறுக்கும் 4 இஞ்ச் கிரைண்டர் போன மாதம் திணறித் திணறி ஓடியது. காற்றுத் துளை வழியே நீலப் பொறி. "ஆர்மேச்சர் போச்சு" என்றார் ரிப்பேர்காரர்; மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள் பாகம் அது. மனசு கேட்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடிகளைத் திருகிக் கழற்றினேன். உள்ளே இரண்டு கார்பன் பிரஷ்கள், அதாவது சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கரிக்கட்டைகள். ஒன்று தேய்ந்து 4 மி.மீ. நீளமே மிஞ்சியிருந்தது. இன்னொன்று கல்தூசியில் இறுகி நகரவே இல்லை. ஸ்பிரிங் தள்ளியும் பிரஷ் கம்யூட்டேட்டரைச் (ஆர்மேச்சர் முனையிலுள்ள செம்புப் பட்டை வளையம்) சரியாகத் தொடாவிட்டால் பொறி பறக்கத்தானே செய்யும்!

பிரஷ் கூட்டைப் பழைய டூத்பிரஷால் சுரண்டி, இரண்டையும் ஜோடியாகவே மாற்றினேன் (ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்). சுமையில்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டதும் பொறி அடங்கியது.

இப்போதெல்லாம் கல் அறுத்த அன்றே புளோயரால் தூசியை ஊதிவிடுகிறேன், முகத்தில் மாஸ்க்கோடு.